பதினெட்டு வயது ஒட்டுவில்லைக்கு அப்பால்: கேம் ஆக்கப் பயிலும் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



சிங்கப்பூரில் கிளமெண்டி சாலையை ஒட்டிய கல்லூரிகளிலும், டோவர் பக்கத்துப் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும், கெண்ட் ரிட்ஜ் குன்றின்மேல் நிற்கும் பல்கலைக்கழகத்திலும் கணினி விளையாட்டுகளை ஆக்கும் வித்தையைப் பயின்றுவரும் தமிழ்ப் பிள்ளைகளாகிய உங்களுக்கு, இதே வட்டாரத்தில் நெடுங்காலம் குடியிருந்து, உங்களைப் போன்ற பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற ஓர் உரிமையை மட்டும் கைக்கொண்டு இம்மடலை எழுதத் துணிகிறேன். உங்களுள் சிலர் தங்கள் செய்முறைப் படைப்புகளைப் பார்வைக்கு வைத்தபோது அழைப்பின்பேரில் நானும் வந்திருந்தேன். வெளிச்சம் விழும் நேர்த்தியும், ஓடுகிறவனுடைய சட்டை காற்றில் அசையும் நுட்பமும் என்னை வியப்பில் ஆழ்த்தின. உங்கள் உழைப்பில் குறைகாண எனக்கு ஒன்றுமில்லை. ஆயினும் பெரியவர்களுக்கு உரியவை என்று நீங்கள் பிரத்தியேகமான பெருமையோடு காட்டிய அத்தனை படைப்புகளிலும் திரும்பத் திரும்பக் கண்டது இரத்தமும், துப்பாக்கியும், அரைகுறை ஆடையில் நின்ற ஒரு பெண்ணுருவமுமே ஆகும். "ஐயா, இது சின்னப் பிள்ளைங்க கேம் இல்ல, எம்18 ரகம்" என்று, பதினெட்டு வயது நிறைந்தவர்க்கே உரியது என்ற பொருளில், உங்களில் ஒருவர் சொன்னபோது அந்தக் குரலில் ஒலித்த நிறைவு என்னை விட்டு அகலவில்லை. அந்த நிறைவைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

உங்களுள் சிலர் தொட்டிலில் இருந்த, சிலர் பிறந்தேயிராத 2007-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கனடாவின் பயோவேர் நிறுவனம் ஆக்கிய 'மாஸ் எஃபெக்ட்' என்ற விளையாட்டை இந்நாட்டில் விற்கலாகாது என்று அன்றைய ஊடக மேம்பாட்டு ஆணையம் தடுத்தது. மானிடப் பெண்ணொருத்தியும் வேற்றுலகப் பெண்ணுருவம் ஒன்றும் தழுவி முத்தமிடும் காட்சி அதில் இருந்ததே காரணம். விளையாடுவோரிடையே கூச்சல் எழுந்தது. ஓரிரு நாட்களிலேயே தடை நீங்கி, எம்18 என்ற குறியோடு அது கடைகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், விளையாட்டுகளுக்கென்றே வயது வகைப்பாட்டு முறையும் நடைமுறைக்கு வந்தது. இந்த வரலாற்றை நீங்கள் பாடத்தில் படித்திருக்கக்கூடும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: தடையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே காட்சியைச் சுற்றியே வாதாடினார்கள். அதே விளையாட்டில், படைத்தலைவனாக இருக்கும் ஆட்டக்காரன் தன்னை நம்பிப் பின்தொடர்ந்த இரு தோழர்களுள் ஒருவரைத்தான் மீட்க முடியும், மற்றவரைச் சாக விட்டாக வேண்டும் என்ற நெருக்கடி ஓரிடத்தில் வருகிறது. எவரைத் தேர்ந்தாலும் கதை நிற்பதில்லை, இறந்தவர் மீண்டு வருவதுமில்லை, அந்த வெற்றிடத்தைச் சுமந்துகொண்டே மேலே செல்ல வேண்டும். பெரியவர்கள் உட்கார்ந்து விவாதிக்கத் தகுந்த பகுதி அதுவே என்பது என் அபிப்பிராயம். அதைப் பற்றி அன்று எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

ஒட்டுவில்லைகளை நான் குறை கூற வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளை எதைப் பார்க்கலாகாது என்று தாத்தா பாட்டிக்கு எடுத்துச் சொல்ல ஓர் அடையாளம் வேண்டும். அதை ஆணையம் செய்வது நல்ல காரியமே. அமெரிக்காவில் 'மார்ட்டல் காம்பாட்' விளையாட்டின் கொடூரத்தைக் கண்டு 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் செனட் சபையினர் விசாரணை நடத்த, அதன் விளைவாக மறு ஆண்டு அங்கே தரமிடும் குழு ஒன்று பிறந்ததும் இதே கவலையினால்தான். அந்த அடையாளத்தின் எல்லை அவ்வளவே. சிறுவனுடைய கண்ணுக்கு எது தீங்கு என்று அது சொல்லும்; அந்தப் படைப்பு வாழ்க்கையில் எதையேனும் புரிந்துகொண்டிருக்கிறதா என்பதை அது சொல்லாது, சொல்ல முற்படுவதும் இல்லை. காவலுக்காக வைத்த வேலியை நீங்கள் கிரீடமாக எடுத்துத் தலையில் சூடிக்கொள்வதுதான் என் மனக்குறை.

இந்நாட்டில் பதினெட்டு என்பது இன்னொரு விதத்திலும் முக்கியமான வயது. தம்பிமார்களே, உங்களுக்கு அது தேசிய சேவைக்கான அழைப்புக் கடிதம் வருகிற பருவம். உங்களில் பலர் அதை முடித்துத் திரும்பியவர்கள். ஏறத்தாழ நான்கு கிலோ எடையுள்ள எஸ்ஏஆர் 21 துப்பாக்கியை மழையிலும் சேற்றிலும் சுமந்து நடந்தவர்களுக்கு, சுட்டு முடித்த பின் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, குழலுக்குள் துணியை விட்டு இழுத்து, கரி நீங்கும் வரை துடைத்து, அதிகாரி விளக்கொளியில் உள்ளே எட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்ப, மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, துப்பாக்கி என்பது என்னவென்று நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தொலைத்துவிட்டால் என்ன ஆகுமென்ற அச்சத்தில் தூக்கத்திலும் கைவிடாமல் பற்றிக்கிடந்தவர்கள் நீங்கள். இவ்வளவு அனுபவம் உங்கள் கைகளில் இருக்கையில், உங்கள் விளையாட்டுகளில் வரும் துப்பாக்கி மட்டும் ஏன் எடையற்றதாய், அழுக்கற்றதாய், கணக்குக் கேட்பாரற்றதாய் இருக்கிறது? ஏறக்குறைய ஒரு கணத்துக்கு ஒருவராகச் சாகும் உருவங்களுக்கு ஏன் ஒரு பெயர்கூட இல்லை? அறிந்ததை எழுதாமல், பிறர் விளையாட்டில் கண்டதையே எழுதுகிறீர்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தோன்றவில்லை.

எது பெரியவர்களுக்கு உரிய படைப்பு என்ற கேள்வியை நம் இலக்கியம் எப்பொழுதோ சந்தித்தது. 1966-இல் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' ஆனந்த விகடனில் வெளிவந்தபோது வாசகர்களிடையே எழுந்த கொந்தளிப்பை உங்கள் பாட்டனார்கள் அறிவார்கள். மழையில் பேருந்துக்கு நின்ற கல்லூரிப் பெண்ணை முன்பின் அறியாத ஒருவன் தன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான், நடக்கக்கூடாதது நடந்துவிடுகிறது, அவள் வீடு திரும்பித் தாயிடம் சொல்கிறாள். இன்றைக்கு அதைத் திரைப்படமாகவோ கேமாகவோ எடுத்தால் வயதுக் குறி ஒட்டியே தீர வேண்டும், ஐயமில்லை. எனினும் அந்தக் கதையின் கனம் காருக்குள் இல்லை. ஆத்திரத்தில் மகளை அடித்த அதே தாய், பின் தெளிந்து, அவள் தலையில் நீரை வார்த்து, உன்மீது களங்கமில்லை என்று அவளைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறாளே, அந்த நீரில் இருக்கிறது. ஜெயகாந்தன் அத்தோடு விடவும் இல்லை. அந்தத் தாய்க்கு அன்று அந்த விவேகம் இல்லாமல் போயிருந்தால், அவள் வாய்விட்டு அலறி ஊரைக் கூட்டியிருந்தால், அந்தப் பெண்ணின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்று யோசித்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலாக விரித்தெழுதினார். 1972-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதமி விருது அதற்குக் கிடைத்தது. ஒரு முடிவிலிருந்து இரு கிளைகளாகக் கதை பிரிவதை உங்கள் வகுப்பில் பெரிய நூதனமாகக் கற்பிக்கிறார்களே, அதை இதைவிடப் பொறுப்போடு செய்தவர் யார்? உங்கள் படைப்பில் பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கிறது. அங்கே ஒரு தாய் தன் மகளை ஏற்றதும் ஏற்காததும் இரு வாழ்க்கைகளைத் திறக்கின்றன.

விளையாட்டு என்ற சாதனத்துக்கு இந்தப் பொறுப்பு இயலாது என்று நினைப்பவர்கள் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து, செய்வினைக்குப் பலன் உண்டென்று காட்டும் பரமபதத்தை ஆடிய பழைய குடும்பங்களை மறந்தவர்கள். நம் காலத்துக்கே வருவோம். போலந்து நாட்டின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014-இல் வெளியிட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்' என்ற விளையாட்டை எங்கள் புளோக்கைச் சேர்ந்த பையன் ஒருவன் ஆடும்போது பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். சராயேவோ நகர முற்றுகையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது அது. அதில் நீங்கள் போர்வீரன் இல்லை. இடிந்த வீட்டில் ஒளிந்து பசியோடும் நோயோடும் நாட்களைக் கடத்தும் சாதாரணக் குடிமக்களில் ஒருவர். பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. இரவில் போய் உணவும் மருந்தும் தேட வேண்டும். அந்தப் பையன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தான். உள்ளே கிழவரும் கிழவியுமாய் இருவர் மட்டும் இருந்தனர். கிழவர் பின்னாலேயே நடந்து வந்து, எடுக்காதே என்று கெஞ்சினார். அவர்களால் எதிர்த்து நிற்க முடியாது. பையன் மருந்தை எடுத்துக்கொண்டான். திரும்பி வந்த பின் அவனுடைய ஆள் உண்ணாமல், பேசாமல், சுவரைப் பார்த்துக் குந்திக்கொண்டான். மதிப்பெண் எதுவும் குறையவில்லை, தண்டனை என்று எதுவும் எழுதிவரவில்லை; ஆனால் அந்தப் பையன் நெடுநேரம் கணினியைத் தொடாமல் இருந்துவிட்டு, "எடுத்திருக்கக் கூடாது தாத்தா, ஆனா எடுக்காம எப்படி?" என்று என்னைக் கேட்டான். ஈழப்போரின் இறுதியில் முள்ளிவாய்க்கால் பதுங்குகுழிகளில் கிடந்தவர்களின் சொல்லைக் கேட்டறிந்த எந்தத் தமிழனுக்கும் அந்தக் கேள்வி புதிதன்று. 2020-இல் போலந்து அரசு இவ்விளையாட்டைப் பள்ளிகளில் பதினெட்டு நிறைந்த மாணவர்களுக்குப் பரிந்துரைக்கும் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. அங்கே பதினெட்டு என்ற வரம்பு படைப்பின் கனத்தை ஏற்றுக்கொள்ளத் தகுந்த வயது என்ற பொருளையும் பெறுவதாக எனக்குத் தோன்றுகிறது. நான் மதிக்கும் வரம்பு அது.

வயது முதிர்ந்தவர்க்கு உரிய படைப்பில் ஒரு துளி இரத்தமும் தேவையில்லை என்பதற்கு நம்மவர் செய்த சான்றே இருக்கிறது. டொரோண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு ஆக்கி, 2023 ஜூலை இறுதியில் வெளியான 'வெண்பா'வை உங்களில் அநேகர் அறிவீர்கள். எண்பதுகளின் இறுதியில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்ற பெண், அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின், இவ்வளவுதான் மாந்தர்கள். தாயின் கிழிந்தும் கறைபடிந்தும் போன சமையற்குறிப்பைக் கொண்டு, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக ஏறும் என்பது போன்ற புதிர்களை ஆட்டக்காரர் அவிழ்க்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒன்றரை மணிக்குள் கவின் பள்ளித் தோழர்களுக்காகத் தன் பெயரைச் சுருக்கிக்கொள்கிறான், கட்டிக்கொடுத்த சாப்பாட்டுக்குக் கூசுகிறான், தாய்க்கு ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறான். பாவலன் இல்லாத வீட்டில் வெண்பா தனித்து நிற்கிறாள். வளர்ந்த மகன் பின்னர் அம்மாவின் குறிப்பைத் தமிழில் வாசிக்கத் திணறுகிறான். இதில் எவரும் தீயவர் இல்லை. எல்லோரும் எதையோ இழக்கிறார்கள், இழப்பதற்கு ஒவ்வொருவரும் ஒரு சிறு கைங்கரியம் செய்திருக்கிறார்கள். 2024-இல் சுயேச்சை விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அளிக்கும் முதற்படைப்புக்கான விருதையும் அது வென்றது. நான் சொல்லவந்தது விருதைப் பற்றி இல்லை. இந்த வட்டாரத்துத் தாய் ஒருத்தி மகளோடு அமர்ந்து அதை ஆடி முடித்துவிட்டு, மகளிடம் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள் என்று அந்த மகளே என்னிடம் சொன்னாள். எம்18 ரகத்தில் எத்தனை படைப்புகள் ஒரு தாயை அப்படி எழுந்துபோக வைத்திருக்கின்றன?

இனி உங்களிடம் நேரே வருகிறேன். நீங்கள் வாழும் ஊரில் ஆக்கப்படாத கதைகள் குறைவா? ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவுக்குப் போய்த் திறந்த திடல்களில் நில்லுங்கள். ஆறு நாள் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்த தமிழ் ஊழியர்கள் புல்லில் அமர்ந்து வீட்டோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் ஒரு பக்கம், தங்கையின் கல்யாணம் ஒரு பக்கம், இடுப்பில் வந்த வலியை மேற்பார்வையாளரிடம் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். திரையில் அம்மாவின் முகம். "நல்லா இருக்கேம்மா, நேரத்துக்குச் சாப்பிடுறேன்" என்கிறான் அவர்களில் ஒருவன். இந்த ஓர் உரையாடலை ஒரு விளையாட்டாக நினைத்துப் பாருங்கள்: எதைச் சொல்வது, எதை மறைப்பது, இந்த மாதம் எவ்வளவு அனுப்புவது, வலிக்கு மருத்துவரிடம் போவதா வேண்டாமா என்று ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்க வேண்டும், எந்தத் தேர்வும் எளிதாக இராது, இன்று மறைத்தது மூன்றாம் மாதத்தில் வந்து நிற்கும். 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் இரவு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பேருந்தின் அடியில் சிக்கி ஓர் ஊழியர் இறந்ததும், அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டதும், 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் தங்குவிடுதிகளின் கதவுகள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்ததும் நம் கண்முன் நடந்தவை. அவற்றைத் தொடுவதற்கு முன் பன்முறை யோசிக்க வேண்டும். யோசித்துத் தொடுவதற்குப் பெயர்தான் துணிவு. ஊழியர்களைப் பற்றிச் செய்யும்போது அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். 2014 முதல் இங்கே வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி நடந்து வந்திருக்கிறது. எழுதத் தெரிந்தவர்கள் அவர்களிடையே இருக்கிறார்கள். வசனத்தை அவர்களிடமிருந்தே வாங்கி, அதற்குரிய ஊதியத்தையும் கொடுத்து, பெயரையும் முன்னால் போடுங்கள்.

அதுவும் வேண்டாமென்றால் உங்கள் புளோக்கின் கீழ்த்தளம் இருக்கிறது. ஒரு பாட்டியின் சாவுக்கு மேசைகள் போட்டு, கச்சானும் பொட்டலப் பானமும் வைத்து, இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் உறவினர்களில் யார் யாரோடு பேசவில்லை, எந்த வீட்டின் பேரில் எந்தச் சண்டை என்று உங்களுக்குத் தெரியாததா?

சந்தையில் இது விலைபோகுமா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், உங்களுக்கும் வயிறு உண்டு, கல்விக் கடன் உண்டு. புவன விஸ்தாவில் ரயில் மாறினால் கேம் நிறுவனங்கள் இருக்கும் ஒன்-நார்த் வந்துவிடும். ஐம்பது பேரை ஒரு தீவில் குதிக்கவிட்டுக் கடைசியில் மிஞ்சுபவனுக்கு வெற்றியைத் தரும் 'ஃப்ரீ ஃபயர்' விளையாட்டை உலகெங்கும் கொண்டுசென்ற கரீனா, சிங்கப்பூரில் பிறந்த நிறுவனம்; 2008-இல் இங்கே ஆரம்பிக்கப்பட்ட யூபிசாஃப்ட் கிளையில் கடலையும் கப்பலையும் வரைந்து வரைந்தே தேர்ந்த கலைஞர்கள் உண்டு. அங்கெல்லாம் வேலைக்குச் செல்லுங்கள், தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள், நல்ல சம்பளம் வாங்குங்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் நிறுவனம் கேட்பதைச் செய்யும் காலம் இனி வரப்போவது. உங்கள் மனம் கேட்பதைச் செய்ய வாய்ப்புள்ள காலம் இந்தக் கல்லூரி ஆண்டுகள். அவற்றை நிறுவனத்துக்கான ஒத்திகையாகவே கழித்துவிடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மற்றொரு சங்கடமும் உங்களுக்கு உண்டென்று அறிவேன். யூனிட்டி போன்ற மென்பொருளில் தமிழை அப்படியே இட்டால், முன்னால் நிற்க வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, உயிர்மெய் உடைகிறது. அதைச் சரிசெய்யத் தனியே பாடுபட வேண்டும். அந்த அலுப்பினாலேயே உங்கள் பாத்திரங்கள் எல்லாம் ஆங்கிலம் பேசத் தொடங்கிவிடுகின்றன. ஆனால் இந்தத் தீவில்தான் நா. கோவிந்தசாமி என்ற ஒரு தமிழாசிரியர், கணினியே பலருக்குப் புதிதாயிருந்த தொண்ணூறுகளில், தமிழ் எழுத்தை இணையத்தில் ஏற்ற வேண்டுமென்ற வைராக்கியத்தோடு உழைத்து, அதைச் செய்தும் காட்டினார். அவரிடம் இருந்த வசதியைவிட உங்களிடம் இருப்பது பன்மடங்கு. கொம்பைச் சரியான இடத்தில் நிறுத்த ஒரு வாரம் ஆகுமானால் அந்த வாரத்தைச் செலவிடுங்கள். செய்த வழியை எழுதி மற்றத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

என் வேண்டுகோள் இது. உங்கள் இறுதியாண்டுப் படைப்பை ஒரு மணி நேரத்துக்குள் ஆடி முடிக்கத்தக்க சிறிய விளையாட்டாக வையுங்கள். நீங்கள் நேரில் அறிந்த ஒரு தமிழ் வாழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆட்டக்காரர் ஒரு காரியம் செய்தால் அதன் பலன் அவரைத் தேடி வரட்டும். அழித்துவிட்டு மீண்டும் தொடங்கும் பொத்தான் அந்த ஓர் இடத்தில் மட்டும் வேலை செய்யாதிருக்கட்டும். சாவு வந்தால் செத்தவருக்குப் பெயர் வையுங்கள், அவர் இல்லாத மறுநாளையும் காட்டுங்கள். காமம் வந்தால் வரட்டும். அதில் வரும் இருவரும் மனிதர்களாக இருக்கட்டும். அதன்மேல் ஆணையம் எந்தக் குறியை ஒட்டினாலும் ஒட்டட்டும், அதற்காக நீங்கள் அஞ்சவும் வேண்டாம், அதைப் பெறுவதற்காக உழைக்கவும் வேண்டாம்.

முடித்த பின் முதலில் உங்கள் வகுப்புத் தோழர்களிடம் காட்டாதீர்கள். உங்கள் தாயாரிடமும், பேச்சில்லாமல் போன பெரியப்பாவிடமும், கேம் என்றாலே முகம் சுளிக்கும் எங்களைப் போன்ற கிழவர்களிடமும் கட்டுப்பாட்டுக் கருவியைக் கொடுத்து, எந்தப் பொத்தானை எதற்கு அழுத்துவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். எங்கள் வட்டாரத்துத் தமிழாசிரியர்களையும் சங்கத்தாரையும் அழைத்துவரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். கிளமெண்டி மாலின் ஐந்தாம் மாடி நூலகத்தில் ஒரு சனிக்கிழமைக்கு இடம் கேட்டு விண்ணப்பம் எழுதித்தரவும் ஆயத்தமாக இருக்கிறேன். அடுத்த பருவம் முடிவதற்குள் உங்களில் இருவரேனும் சொல்லியனுப்பினால் போதும், எழுதத் தொடங்கிவிடுவேன்.

அன்புடன்,
கிளமெண்டிவாசியான ஓய்வுபெற்ற தமிழாசிரியன்